அந்தப் பக்கத்து மணி

ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, டவர் கிடைக்குமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் பதினோராவது ஆளாக நின்ற பிலோமி தன் புருஷன் இன்னாசிக்கு நாலாவது தடவையாகப் போன் அடித்தாள். இப்போதும் அதே மணிதான். இன்னாசிக்கு யார் அடித்தாலும் மாதா பாட்டு ஒன்று கேட்கும்; மூன்று வருஷமாக அதே பாட்டு, அதே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் அறுந்துபோகும். இன்றைக்குப் பாட்டைக் காணோம். மெலிசாக ஒரு மணி, ரெண்டு தடவை அடித்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி ரெண்டு தடவை. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்பது போலிருந்தது அவளுக்கு. முதல் ரெண்டு தடவை தப்பு நம்பர் என்றுதான் நினைத்தாள். மூன்றாவது தடவை மணி நின்று ஒரு பெண் பேசினாள். என்ன பாஷை என்று தெரியவில்லை, நல்ல பதவிசான குரல், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பேசுகிற குரல். அதற்குப் பிறகு அவளே, அல்லது அவள் தங்கச்சி மாதிரி இன்னொருத்தி, தமிழில் சொன்னாள்: நீங்கள் அழைத்த இலக்கத்துடன் இப்போது தொடர்புகொள்ள முடியாமல் இருக்கிறது. இலக்கம் என்றாள். நம்பரை இலக்கம் என்று சொல்கிற தேசம் பிலோமிக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. தங்கச்சிமடத்துக் கரையில் நின்று பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இன்னாசி நேற்றுக் காலையில் இறங்கிப் போன கடலுக்கு அதுதான் மறுகரை. பிலோமி போனைக் காதிலிருந்து எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ரேஷன் பைக்குள் போட்டாள்.

தங்கச்சிமடத்துப் பெண்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலுக்குப் போனவர் எங்கே என்று யார் கேட்டாலும், தொழிலுக்குப் போயிருக்காக என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வடக்கே, தெற்கே என்று ஆம்பிளைகள் சொல்லலாம், பெண்கள் திசை சொல்லக் கூடாது. அதிலும் அந்தப் பக்கம் என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. கல்யாணமான மறுவாரமே மாமியார் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார், மீனுக்கு எவ்வளவு புளி என்று சொல்லிக் கொடுப்பதற்கும் முன்னால். சொன்னால் போனவர் அங்கேயே தங்கிவிடுவாராம். இது மாமியார் சொன்ன காரணம். பிலோமி அப்போதே, அது எப்படி இங்கே நான் சொன்னால் அவருக்கு அங்கே கேட்கும் என்று கேட்டு, புதுமருமகளுக்கு வாய் ஜாஸ்தி என்று பேர் வாங்கிக்கொண்டாள். உண்மையான காரணம் பின்னால்தான் தெரிந்தது. படகு எல்லை தாண்டியது என்று பேச்சுக் கிளம்பினால் அந்தப் படகுக்குக் கடலுக்குப் போகிற டோக்கன் நின்றுபோகும், மாசக்கணக்கில் கரையில் கட்டிக் கிடக்கும், அதை நம்பியிருக்கிற ஆறு வீட்டிலும் அடுப்பு எரியாது. வாய் தவறிச் சொன்னவளை ஆறு வீட்டாரும் கோயிலில் பார்த்தால் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அதனால் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், யாருக்கும் எதுவும் தெரியாது. இருபத்திரெண்டு வருஷத்தில் பிலோமியும் இதில் நன்றாகவே தேறிவிட்டாள்.

அவளுக்கு முன்னால் பத்தாவது ஆளாக நின்றது ஜெபமாலை அக்கா. அக்காவின் புருஷன் சூசையும் அதே படகில்தான் போயிருக்கிறார். சூசைக்குப் போன் கிடையாது. கடலில் போன் எதுக்கு, மீனா பேசப் போகுது என்பார். நேற்றுப் போன படகெல்லாம் விடியற்காலையில் வந்து சேர்ந்துவிட்டது. இவர்கள் படகு மட்டும் வரவில்லை. அதற்கு என்ன, ஒரு படகு பிந்துவது புதுசா, எத்தனையோ தடவை பத்து மணிக்கு வந்திருக்கிறார்கள், வந்து பழைய சோற்றைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்றுதான் ரெண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ரேஷனுக்கு வந்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“எடுத்தாகளாத்தா?”

“இல்லக்கா. டவர் இல்லைங்குது.”

“எங்க இருக்கப் போகுது டவர். இந்தா, ஊருக்கு நடுவுல இருக்குற ரேஷன் கடைக்கே இல்ல.” அக்கா சிரித்தாள். “எஞ்சின் மக்கர் பண்ணியிருக்கும். நேத்துப் பொழுது சாயுறப்ப வடக்க பாத்தோம்னு அந்தோணிராசு படகுல சொன்னாகளாம். மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு, சம்மாட்டி இன்னொரு படக வடக்க அனுப்புறாராம்.”

வடக்கே. பிலோமி பையை மறு கைக்கு மாற்றினாள். போகப்போகிற படகு வடக்கே போகும், இன்னாசியின் போன் கிழக்கே அடிக்கிறது. டவர் இல்லை என்று அக்காவிடம் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, நம்ம டவர் இல்லைதானே, என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு அந்தக் குரல்காரியைப் பற்றி நினைத்தாள். பயப்பட வேண்டிய நேரத்தில் வேறு எதையாவது பற்றி யோசிப்பது அவள் பிறவிக் குணம். அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடும்போதுகூட, ஆணியை ஏன் ஏழு அடிக்கிறார்கள், எட்டு அடித்தால் என்ன என்று எண்ணிக்கொண்டு நின்றவள். அந்தக் குரல்காரிக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா? எந்த அறையில் உட்கார்ந்து இதைப் பேசியிருப்பாள்? ஒரே ஒரு நாள் பேசிவிட்டுப் போயிருப்பாள், அது இத்தனை வருஷமாக, கிடைக்காத ஆளைத் தேடுகிற ஒவ்வொருத்தர் காதிலும் பேசிக்கொண்டிருக்கிறது. அவள் புருஷனுக்கே அவள் ஒரு நாள் அடித்து, அவன் கிடைக்காமல், அவள் குரலே அவளுக்குப் பதில் சொல்லியிருந்தால்? சிரிப்பாளா, பயந்துபோவாளா? நம்ம பக்கத்துக் குரல்காரி ஒருத்தி இருக்கிறாள், தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்று எப்போதும் சொல்லுவாள், பிலோமிக்கு அவளைப் பிடிக்காது, கொஞ்சம் அதிகாரம் பண்ணுகிற குரல். இவள் பரவாயில்லை. இவள் முடியாமல் இருக்கிறது என்கிறாள், தனக்கும் அதில் வருத்தம் இருக்கிற மாதிரி.

ஆனால் போன் எப்படி அங்கே போய் அடித்தது? அதுதான் புரியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் ஜாஸ்மின் நர்சிங் சேர்ந்த சந்தோஷத்தில், மூன்று பேரும் தனுஷ்கோடிக்குப் போய் அரிச்சல்முனையில் நின்றார்கள். போனைப் போட்டோவுக்கு எடுத்தால் உச்சியில் நம்ம கம்பெனி பேர் இல்லை, வேறு ஏதோ பேர். கூடவே ஒரு மெசேஜ், எங்கள் நாட்டுக்கு வருக வருக என்று. பிலோமிக்கு ஒரே குதூகலம். கால் இங்கேதானே இருக்கிறது, நான் எப்போது அங்கே போனேன் என்று காலைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள். ஜாஸ்மின்தான் விளக்கினாள். “அம்மா, நம்ம டவர் எட்டலைன்னா போன் சும்மா இருக்காது. எந்த டவர் எட்டுதோ அங்க போயி ஒட்டிக்கும். மதுரைக்குள்ள வேற கம்பெனிக்காரன் டவர்ல ஒட்டுற மாதிரி இங்க வேற நாட்டுக்காரன் டவர். ஆனா நம்ம போன்ல ரோமிங் தொறக்கல பாரு, அதனால வாசல்லயே நிக்கும். உள்ள விட மாட்டான். பேரு மட்டும் தெரியும், போன் போகாது, வராது.” அப்போது இன்னாசி சிரித்தார். கடலில் தினமும் அப்படித்தான் காட்டும், பேர் மட்டும் வரும், அதுக்கு மேல அது செத்த பொணம், பாட்டுக் கேக்கலாம், டார்ச்சு அடிக்கலாம் என்றார். படகு முதலாளி, சம்மாட்டி பர்னாந்து, கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அந்தப் பக்கம் ஒதுங்கினால் எல்லோரும் போனை அமத்திவிட வேண்டும் என்று. யார் அமத்துகிறார்கள்? அடிக்காத போனை எதற்கு அமத்த வேண்டும்? நம்ம ஊருக்குத் தெரியாத யார் வீட்டு வாசலிலோ ராத்திரியெல்லாம் இன்னாசியின் போன் நின்றுவிட்டு வருகிறது என்பது பிலோமிக்கு அன்று முழுக்க ஆச்சரியமாக இருந்தது. பாஸ்போர்ட் இல்லை, கேட்பார் இல்லை. யாராவது குறித்து வைப்பார்களா? இன்னார் வந்தார், வாசலோடு போனார் என்று? ஜாஸ்மின், குறிப்பாங்கம்மா, போதுமா, என்று அலுத்துக்கொண்டாள்.

வாசலில் நிற்கிற போன் இன்றைக்கு உள்ளே போயிருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து மணி அடிக்கிறது. அப்படியென்றால் கதவைத் திறந்தது யார்? பிலோமியின் மனசு இந்த இடத்தில் முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றுவிட்டது. இன்னாசிக்குத் திறக்கத் தெரியாது. இன்னாசிக்குப் போனில் தெரிந்தது ரெண்டே ரெண்டு, எடுப்பது, வைப்பது. பேரைத் தேடி அடிக்கத் தெரியும், அதுவும் பிலோமி பேருக்குப் பக்கத்தில் ஜாஸ்மின் ஒரு மீன் படம் போட்டுக் கொடுத்ததனால். யாரிடமாவது கேட்டுத் திறந்திருந்தால்? எதற்குத் திறக்க வேண்டும்? யாரிடம் பேச? அவருக்கு அங்கே ஒட்டு உறவு என்று யாரும் கிடையாது. ரெஜினா இருக்கிறாள். பிலோமி அந்தப் பேரை நினைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. நினைத்தவுடன் முகமும் வந்து நின்றது. மண்டபம் அகதி முகாமில் இருந்த பெண், இன்னாசி வாலிபத்தில் முகாமுக்கு மீன் கொண்டுபோய் விற்கிற சாக்கில் பார்த்துப் பேசியவள். அவள் குடும்பம் திரும்பிப் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னாடியே இன்னாசி இதை மறைக்காமல் சொல்லிவிட்டார், மறைக்காமல் சொன்னதாலேயே பிலோமியால் சண்டை போட முடியாமல் போய்விட்டது, அது ஒரு குறையாகவே உள்ளே கிடக்கிறது. ரெஜினா இப்போது எப்படி இருப்பாள்? பல் எடுப்பாக இருக்கும் என்று கேள்வி. இவ்வளவு வருஷத்தில் தடித்திருப்பாள். அவளும் நம்பரை இலக்கம் என்பாள். உங்கட இலக்கத்தைத் தாங்கோ என்று கேட்டிருப்பாளோ? பிலோமிக்கு ஒரு நிமிஷம் காது சூடானது, உடனே தன்மேல் வெட்கம் வந்தது. மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவில்லை, இவளுக்கு எவளோ ஒருத்தியின் பல்லைப் பற்றிக் கவலை. இருந்தாலும் கதவைத் திறந்தது யார்?

“வந்துருச்சு வந்துருச்சு, ஒரு புள்ளி வந்துருச்சு,” என்று கத்தினார் ரேஷன் கடைக்காரர். “யாருய்யா மொத ஆளு, சட்டுனு வைங்க பெருவெரல.” முதல் ஆள் வைத்தார். மெஷின் நன்றாக யோசித்துவிட்டு, முடியாது என்றது. அடுத்த விரலை வைக்கச் சொன்னார், அதற்கும் முடியாது. வலை இழுத்துத் தேய்ந்த கை, ரேகை எங்கே இருக்கும்? பின்னால் யாரோ, காலையும் வச்சுப் பாக்கச் சொல்லுங்க என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பிலோமியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே தன் விரல்களைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை. கணவாய் மீனின் மை. போன சனிக்கிழமை கணவாய் ஆய்ந்தபோது ஏறியது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சனிக்கிழமை. அடுப்படியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னாசி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் போன் பிரிட்ஜுக்கு மேலே சார்ஜில் கிடந்தது. அது அடித்தது.

அடித்தது, ஆமாம். அவர் எழுந்துவிடப் போகிறாரே என்று ஓடிப்போய் எடுத்தது அவள்தான். கையெல்லாம் மை, சுண்டு விரல் மட்டும்தான் சுத்தமாக இருந்தது, சுண்டு விரலால் பச்சையைத் தள்ளினாள். பேசியது ஆள் இல்லை, பதிவு செய்த குரல். இந்த மாதிரிப் போனை ஊரில் எல்லோரும் பாதியில் வைத்துவிடுவார்கள், பிலோமி மட்டும் கடைசிவரை கேட்பாள். ஒன்றை அழுத்தவும் என்றால் ஒன்றை அழுத்தினால் என்ன ஆகும், ரெண்டை அழுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மாமனார் செத்து முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்ல ஊரெல்லாம் இன்னாசிக்கு அடித்தபோது, குத்தாட்டப் பாட்டு ஒன்று கேட்டதே, அதுவும் அவள் விரல் செய்த வேலைதான். அதை மாற்றத்தான் ஜாஸ்மின் மாதா பாட்டை வைத்தாள். சனிக்கிழமை அந்தக் குரல் என்ன சொன்னது? வெளியூர் போறவர்களே என்றதா, வெளிநாடு என்றதா? எங்கு சென்றாலும் தொடர்பில் இருங்கள் என்றது. ரோமிங் வசதிக்கு ஒன்றை அழுத்தவும் என்றது. ரோமிங் என்ற வார்த்தை காதில் விழுந்தது, விழுந்தும் விரல் நிற்கவில்லை. எங்கு சென்றாலும் என்று சொன்ன விதம் நன்றாக இருந்தது. உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, நன்றி என்றது குரல். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் யாரும் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. ஒரு சந்தோஷத்தோடு போனை மறுபடி பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கணவாய்க்குத் திரும்பினாள், அன்றைக்கே மறந்தும் போனாள்.

அப்படியானால் இன்னாசிக்குத் தெரியாது. ரெஜினாவுக்கும் தெரியாது, பாவம், அவள் எங்கே எந்த வீட்டில் யாருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாளோ. திறந்தது நான். பிலோமி வாய்விட்டுச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து உதட்டைக் கடித்தாள். அப்புறம்தான் மீதி தெரிந்தது, ஒவ்வொன்றாக, அவள் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள. அந்தப் பக்கம் போனால் போன் செத்த பொணம் என்று நம்பி இன்னாசி அதை அமத்தவில்லை. சட்டைப் பையில் வைத்திருப்பார். எஞ்சின் சத்தத்துக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தத்தை முழுசாக ஏற்றி, சேவல் கூவுகிற மணியை வைத்திருக்கிறார், தெருவே எழுந்துகொள்ளும். படகு அந்தப் பக்கத்தில் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பது தெரியாது, எஞ்சினோ, வலை பாறையில் மாட்டியதோ, எதுவோ. நின்றால் என்ன செய்வார்கள் என்பது தெரியும்; எல்லோர் வீட்டிலும் சாப்பிடும்போது சொல்லித்தான் இருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்தி, பேச்சை நிறுத்தி, இருமலைக்கூடத் துணியில் பொத்திக்கொண்டு, அந்தப் பக்கத்து ரோந்துப் படகு போய்விடும்வரை மூச்சுக் காட்டாமல் படுத்துக் கிடப்பார்கள். ஆறு ஆள் மூச்சுக் காட்டாமல் கிடக்கிற படகில், நடுக்கடலில், ஒரு சேவல் கூவுகிறது. ஒரு தடவை, ரெண்டு தடவை. எடுக்கவில்லை என்று மறுபடியும். நாலு தடவை. இவள்தான், வீட்டு வாசலில் ரெண்டு, ரேஷன் கடை வரிசையில் ரெண்டு. எடுங்களேன், எடுங்களேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

பகல் வெளிச்சத்தில் படகு எப்படியும் கண்ணுக்குத் தெரியும், சேவல் கூவித்தானா தெரிய வேண்டும், என்றது மனசின் ஒரு பாதி. தெரியாமல் போயிருந்ததையும் நீ தெரிய வைத்துவிட்டாய் என்றது மறுபாதி. கடைசியாக அடித்தபோதும் மணி கேட்டது. அப்படியானால் நாலாவது தடவை வரைக்கும் யாரும் பிடுங்கவில்லை, பிடுங்கியிருந்தால் அமத்தியிருப்பார்கள், அல்லது எடுத்து யார் என்று கேட்டிருப்பார்கள். எடுத்திருப்பார்களா? இன்னொரு தடவை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கை பைக்குள் போய்விட்டது, போனைத் தொட்டும் விட்டது. தொட்டவுடன் சுட்டது போல எடுத்தாள். அடிக்கக் கூடாது. அடிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்துகொள்ளாமல் எப்படி நிற்பது? கதவு மூடியிருந்தால் கதவிடுக்கில் பார்க்கிற ஜென்மம் அவள். இப்போது அவளே திறந்துவிட்ட கதவு, பார்க்கத்தான் கூடாது. யேசுவே, இந்த விரலை நீ எதற்குக் கொடுத்தாய் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அந்தத் திட்டும் சரியில்லை, விரல் என்ன செய்யும் என்றும் நினைத்தாள்.

வரிசை ரெண்டு ஆள் நகர்ந்தது. மணி ஒன்பதே முக்கால். சம்மாட்டி மத்தியானம்தான் படகு அனுப்புவார், அதுவும் வடக்கே. கிழக்கே என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் பிலோமி. நேற்று ராத்திரி கச்சான் காற்று மேற்கேயிருந்து அடித்ததே, கொடியில் கிடந்த துணியெல்லாம் கிழக்கே பறந்ததே, அது போதுமே படகைத் தள்ளிக்கொண்டு போக. மீனவர் சங்கத்துக்குப் போய்ச் சொன்னால் இப்போதே கிழக்கே ஒரு படகு போகும், அல்லது ஆபீஸருக்கு ஆபீஸர் பேசி ஆளைப் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மணி கேட்டது என்று சொல்ல வேண்டும், மணி ஏன் கேட்டது என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் என்று வாயால் சொல்ல வேண்டும். டோக்கன் போகும். ஆறு வீடும் என்னைத் திட்டும், ஜெபமாலை அக்காவே திட்டும். இன்னாசி வந்து, ஒன்னை அமுக்கினியா என்று கேட்பார். கேட்கட்டும். அவர் வந்து கேட்க வேண்டும் என்றுதான் அவளுக்கு இப்போது இருந்தது, அடித்தால்கூடப் பரவாயில்லை, வந்து அடிக்கட்டும். அடிக்கிற மனுஷனும் இல்லை அவர். இதை நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அக்கா,” என்றாள்.

ஜெபமாலை திரும்பவில்லை. பிலோமி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சத்தம் தனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

“அக்கா, டவர் இல்லைன்னு சொன்னது பொய்யிக்கா. மணி அடிக்குது. அந்தப் பக்கத்து மணி.”

அக்கா அப்போதும் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒரு தரம் ஏறி இறங்கியது. பிறகு மெதுவாகத் திரும்பினாள். முகத்தில் அதிர்ச்சி இல்லை. காலையிலிருந்து சிரித்துச் சிரித்துப் பேசிய முகம் கழன்றுபோய், களைத்த ஒரு பொம்பளையின் முகம் இருந்தது.

“எனக்கும் கேட்டுச்சுடி,” என்றாள் ஜெபமாலை. “விடிஞ்சதுல இருந்து உன் வீட்டுக்காரருக்குத்தான் அடிச்சிட்டு இருக்கேன். இவுகட்ட ஏது போனு? ஒரு பொம்பள வந்து தெரியாத பாசையில பேசுனா. உனக்குத் தெரிஞ்சா நீ ஒடஞ்சு போயிருவன்னு சொல்லல. சொல்லவும் கூடாதுல்ல.”

ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே மணியைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு முழ தூரத்தில் முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். பிலோமி கேட்டாள்.

“எத்தனை தடவக்கா அடிச்சீக?”

“ஆறு. இல்ல, ஏழு. நீயி?”

“நாலு.”

பதினோரு தடவை. பிலோமி சேவல் மணியைச் சொன்னாள், சனிக்கிழமையைச் சொன்னாள், ஒன்றை அமுக்கியதைச் சொன்னாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில், முன்னது பின்னதாக. ஜெபமாலை அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள். அக்கா திட்டவில்லை. தன் போனை எடுத்தாள், பிலோமியின் பையிலிருந்து அவள் போனையும் எடுத்தாள். ரெண்டையும் காலியாக இருந்த அரிசிப் பைக்குள் போட்டு வாயைச் சுருட்டி ரெண்டு முடிச்சுப் போட்டாள். “இனிமே ரெண்டு பேரும் அடிக்கக் கூடாது. வா. சங்கத்துல போயி நம்ம வாயால சொல்லுவோம். போற டோக்கன் போகட்டும்.”

கடைக்காரர் பின்னாலிருந்து, யம்மா, இந்தா டவர் வந்துருச்சு, போனா மறுபடி கடைசியில இருந்துதான் நிக்கணும் என்று கூப்பிட்டார். அவர்கள் திரும்பவில்லை. பஜார் வழியே நடந்தார்கள். ஜெபமாலை பிலோமியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், ஆறுதலுக்கா, ஓடிவிடுவாள் என்றா தெரியவில்லை. சங்கத்தில் முதலில் யார் பேசுவது? அந்தப் பக்கம் என்று சொல்லும்போது ஆம்பிளைகள் எப்படிப் பார்ப்பார்கள்? சொல்லி முடித்தவுடன் வாயில் ஏதாவது ருசி மாறுமா? பிலோமி இதையெல்லாம் யோசித்தாள், யோசிக்காமல் அவளால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. கோயில் முக்குத் திரும்பும்போது அரிசிப் பை அடித்தது.

ரெண்டு பேரும் நடுரோட்டில் நின்றுவிட்டார்கள். யார் போன் என்று தெரியவில்லை. பையைத் தரையில் வைத்து முடிச்சை அவிழ்த்தார்கள், அக்கா போட்ட முடிச்சு லேசில் வரவில்லை, ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துச் சுற்றிக்கொண்டு போனது. பிலோமி கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள். அவள் போன்தான். இன்னாசியின் பேர்.

எடுத்தாள். முதலில் காற்றுச் சத்தம். அப்புறம் அறுந்து அறுந்து அவர் குரல், தொண்டை கட்டிப்போய்.

“பிலோமி... கேக்குதா? எஞ்சின் படுத்துருச்சு... கச்சான் தள்ளிட்டு வந்துருச்சு. வயர்லெஸ்ஸும் போச்சு. சம்மாட்டிகிட்டச் சொல்லு... கிழக்க... தீவு கண்ணுக்குத் தெரியிற தூரம்.”

“எல்லாரும்...?”

“எல்லாரும் இருக்கோம். சூசையண்ணன் இந்தா பக்கத்துல.” காற்று அள்ளிக்கொண்டு போய் மறுபடி கொண்டுவந்தது. “நாங்க அடிச்சா போவே மாட்டேங்குது, இப்பத்தான் ஒரு தடவ போயிருக்கு. உங்க மணி வந்தாத்தான் டவர் இருக்குன்னு தெரியும். எடுக்கப் போறதுக்குள்ள அறுந்துரும். ஒவ்வொரு மணிக்கும் ஆறு பேரும் எந்திரிச்சு நின்னோம். அப்பறம் நின்னு போச்சு. ரொம்ப நேரமா ஒன்னும் இல்ல.” அவர் குரல் உடைந்தது. இருபத்திரெண்டு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை.

“ஏன்டி அடிக்கிறத நிப்பாட்டுன?”